யமஹா பிபி234 பேஸ் கிற்றார்: ஆறு வருசம் மட்டக்களப்பு வெயிலுலயும் உப்புக்காத்துலயும் வாசிச்ச பொறகு

2019 மாசி மாசம் வாங்கின யமஹா பிபி234 இண்டைக்கும் என்ட கையில இரிக்கு. கோயில் திருவிழா, கல்யாண வீடு, சேர்ச் நிகழ்ச்சி, பள்ளிக்கூட விழா எண்டு எத்தின மேடை ஏறிச்சி எண்டு எண்ணி வைக்கல்ல, ஆனா ஒரு மேடையிலயும் அது என்னைய நடுவுல விட்டுட்டுப் போகல்ல. பேஸ் வாங்கப் போறம், எது நல்லம் எண்டு பொடியனுகள் கேக்குற நேரமெல்லாம் தனித்தனியா வொய்ஸ் அனுப்பிட்டு இரிந்தன், இனி ஒரேயடியா எழுதிருவம் எண்டு இருந்திட்டன். நான் கல்லடியில இரிக்கன், 1989ல இருந்து பேஸ் வாசிக்கன், மட்டக்களப்பு பக்கம் ஏறாவூர், வாழைச்சேனை வரைக்கும், அம்பாறை பக்கம் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரைக்கும் வாசிச்சித் திரிஞ்ச ஆள்.

முடிவ முதல்லயே சொல்லிர்ரன். எங்கட ஊர் மைதானத்துல, எங்கட சவுண்ட்ஸ்காரர் கொண்டு வாற பெட்டியில, ஜெனரேட்டர் கரண்ட்டுல வாசிக்கிறதுக்கு இந்த விலைக்கு இத விட நம்பிக்கையான பேஸ் நான் தொட்டதில்ல. வீட்ட இருந்து கொம்பியூட்டர்ல ரெக்கோட் மட்டும் பண்ற ஆளுக்கு வேற தெரிவும் இரிக்கு, அத பொறகு சொல்றன்.

கொழும்புல ஒரு கடையிலதான் எடுத்தன். ரெண்டு மணித்தியாலம் இருந்து ஆறு பேஸ் வாசிச்சிப் பாத்தன். கடைப் பொடியன் பெரிய அம்ப் ஒண்டுல வயர குத்தித் தந்தான், நான் வயர கழட்டி வெச்சிட்டு சும்மா வாசிக்கத் தொடங்கினன், அவன் என்ன இந்த மனிசன் எண்டு பாத்துட்டு நிண்டான். அம்ப்ல போட்டா அம்ப்ட சத்தம்தான் முன்னுக்கு வரும், மரத்த பாக்கணும் எண்டா வயர் இல்லாம பாக்கணும். பேஸ்ட உடல்ல மேல நீட்டிட்டு நிக்கிற கொம்புல நாடிய வெச்சி, கண்ண மூடிட்டு ஆகத் தடிச்ச ஈ நரம்ப ஒரு தரம் தட்டிட்டு விட்டா எலும்புக்குள்ளால அந்த நாதம் வரும். எவ்வளவு நேரம் நிக்குது, எந்தச் சுரத்துல சட்டெண்டு செத்துப் போகுது எண்டு அதுல விளங்கும். ஆறுல நாலு பேஸ் ஆக மெல்லிய ஜி நரம்புல ஒரு இடத்துல மொட்டையா நிண்டிச்சி. இந்த பிபி ஒவ்வொரு பிரெட்டுலயும், அதாவது கழுத்துல குறுக்கா பதிச்ச ஒவ்வொரு கம்பியிலயும், ஒரே மாதிரி நீண்டிச்சி. அதோட நான் காசக் கட்டிட்டன்.

இந்த நாடிய வைக்கிற பழக்கம் எனக்கு டச்பார் அங்கிளால வந்தது. அவர் டச்பாருல இருந்த பறங்கி ஆள், போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழி வந்தவங்க, தச்சு வேலை, கல்யாண வீடுகள்ல கப்ரிஞ்ஞா எண்ட ஆட்டப் பாட்டு வாசிக்கிற குடும்பம். தொண்ணூறுகள்ல எங்கட பக்கம் கரண்ட் இல்லாத ராவுகள் எத்தினையோ, அம்ப் போட வழியில்ல. அப்ப அவர் பேஸ்ட தலைப்பக்கத்த கொண்டு போய் தேக்கு அலுமாரிக் கதவுல முட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லுவார், அலுமாரி முழுக்க ஸ்பீக்கர் பெட்டி மாதிரி முழங்கும், உள்ளுக்குள்ள மடிச்சி வெச்ச சாரனெல்லாம் அதிரும். கல்லடிப் பாலத்தடியில நிலாக் காலத்துல பாடும் மீன் கேக்கப் போற ஆக்கள் வள்ளத்துல இருந்து துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியில காத வைப்பாங்களே, அதே வேலைதான் இதுவும். "மனே, நாடிய வெச்சிப் பாருகா" எண்டு அவர் சொன்ன குரல் இன்னும் என்ட காதுல இரிக்கு. என்ட முதல் பேஸயும் அவர்தான் செஞ்சி தந்தவர், உடல் முதிரை மரம், நெக், அதாவது கழுத்து, உடைஞ்சு போன ஒரு பழைய கிற்றார்ல இருந்து எடுத்தது. முதிரை எண்டா பாரம் எப்பிடி எண்டு மரம் அரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும், மூண்டு மணித்தியாலம் தோளுல போட்டா அடுத்த நாள் கை தூக்க ஏலாது. ஆனா அந்த நாதம் மாதிரி நான் பொறகு கேக்கல்ல. 2004 டிசம்பர் 26 காலையில கடல் வந்திச்சி. அந்த பேஸும் போயிட்டு, அங்கிளும் போயிட்டார்.

சரி, பேஸுக்கு வாறன். யமஹா இந்த பிபி வரிசைய 1977ல தொடங்கினது, எண்பதுகள்ல போல் மெக்கார்ட்னியும் பிபி1200 ஒண்டு வாசிச்சவர். இப்ப இரிக்கிற தலைமுறை 2017ல வந்தது. 234 அதுல மலிவான மாடல், இந்தோனேசியாவுல செஞ்சது, உடல் ஆல்டர் மரம், நெக் மேப்பிள், நரம்பு நீளம் 34 அங்குலம், 21 பிரெட், நாலு நரம்பு. நரம்புட அதிர்வ எடுத்து அம்ப்புக்கு அனுப்புற பிக்கப் ரெண்டு, நடுவுல ஃபெண்டர் கொம்பனிட பிரிசிஷன் பேஸ் மாதிரி ரெண்டாப் பிரிஞ்சது ஒண்டு, நரம்பு உடல்ல முடியிற பிரிட்ஜ் பக்கம் அதே கொம்பனிட ஜாஸ் பேஸ் மாதிரி நீட்டு ஒண்டு. திருகுறதுக்கு மூண்டே மூண்டுதான், ரெண்டு வொலியூம், ஒரு டோன். பெற்றரி இல்ல. இந்த பெற்றரி இல்லாததுதான் நான் இத எடுத்த முதல் காரணம், அதுக்கு ஒரு கதை இரிக்கு.

2011ல கல்முனைப் பக்கம் ஒரு கல்யாணம். அப்ப என்னட்ட இருந்தது வேற ஒரு கொம்பனிட ஆக்டிவ் பேஸ், உள்ளுக்குள்ள 9 வோல்ட் பெற்றரியில ஓடுற சேர்க்கிட். முதல் நாள் ராவு பிராக்டிஸ் முடிஞ்சி வயர கழட்டாம விட்டுட்டன், வயர் குத்தியிரிக்கிற வரைக்கும் அந்த சேர்க்கிட் பெற்றரிய குடிச்சிக்கிட்டே இரிக்கும், அத நான் அப்ப யோசிக்கல்ல. மாப்பிள்ள பொண்ணு மண்டபத்துக்குள்ள வரக்குள்ள ஒரு பாட்டு தொடங்கி, ரெண்டாவது சரணத்துல பேஸ் கரகரத்து, மெலிஞ்சி, அப்பிடியே செத்துப் போச்சி. பாடின தங்கச்சி திரும்பிப் பாத்த பார்வை எனக்கு இப்பவும் வருது. பேஸ் இல்லாத பாட்டு எப்பிடி இரிக்கும் எண்டு அண்டைக்கு அந்த மண்டபமே கேட்டிச்சி, ஒருத்தருக்கும் என்ன குறைஞ்சது எண்டு சொல்லத் தெரியா, ஆனா ஆடிட்டு நிண்ட ஆக்கள் கதிரைக்குப் போயிட்டாங்க. ஞாயித்துக்கிழமை பின்னேரம், கடையெல்லாம் பூட்டு. ஒக்டபாட் எண்ட மின் டிரம் வாசிக்கிற பொடியன் பேஸ் டிரம்மால இழுத்து முடிச்சான். அண்டைக்கே முடிவெடுத்தன், இனி பெற்றரியோட மேடை ஏறுறதில்ல. ஆக்டிவ் பேஸ் கூடாது எண்டு நான் சொல்ல வரல்ல, நல்ல சத்தம் வருது, வடிவா பராமரிக்கிற ஆக்களுக்கு ஒரு கரைச்சலும் இல்ல. எனக்கு ஒத்து வரல்ல.

இந்த பேஸ்ட உண்மையான பெறுமதி தெரியிறது கடையில இல்ல, திருவிழா மைதானத்துல. எங்கட ஆக்களுக்கு பேஸ் எண்டா டும் டும் எண்டு நெஞ்சுல இடிக்கணும். சவுண்ட்ஸ்காரரும் மிக்சர்ல பேஸ் சனல எடுத்து கீழ் ஸ்தாயி திருகிய முழுசா ஏத்தி விட்டிருவாங்க. அப்ப என்ன நடக்கும், சத்தம் பெரிசா இரிக்கும், சுரம் ஒண்டும் விளங்காது. நான் சி வாசிச்சனா டி வாசிச்சனா எண்டு எனக்கே கேக்காது. இதுல ஒரு கணக்கு இரிக்கு. ஈ நரம்ப திறந்து தட்டினா 41 ஹேர்ட்ஸ். எங்கட பக்கம் கட்டுற 15 அங்குல பெட்டிகள் அந்த 41அ ஒழுங்கா வெளிய தள்ளாது, சப் பெட்டி வெச்சாலும் அது பெரும்பாலும் பேஸ் டிரம்மோடயே மல்லுக்கட்டும். ஆனா அதே சுரத்தோட 82, 123, 164 எண்டு மேல மேல அடுக்கா வரும், ஏ.எல். பௌதிகத்துல மேற்றொனி எண்டு படிச்சமே அதுதான். அந்த மேல் அடுக்கு தெளிவா காதுக்கு வந்தா அடியில 41 இரிக்கு எண்டு மூளை தானாவே நிரப்பிக்கொள்ளும். சின்ன றேடியோவுலயும் ஃபோனுலயும் பேஸ் சுரம் எங்களுக்கு விளங்குறதே இதாலதான். அதால மைதானத்துல பேஸுக்கு வேணும்கிறது அடி இல்ல, நடு. 

பிரிசிஷன் பிக்கப்ட குணமே அந்த நடுதான். லியோ ஃபெண்டர் 1951ல முதல் பிரிசிஷன் பேஸ கொண்டு வந்தார், 1957ல அந்த ரெண்டாப் பிரிச்ச பிக்கப்ப போட்டார், இண்டைக்கும் உலகம் முழுக்க அத மாத்தாம செஞ்சிட்டு இரிக்காங்க எண்டா காரணம் இதுதான் எண்டு நான் நினைக்கன். பிரிஞ்ச ரெண்டு துண்டுல ஒண்டு எடுக்கிற கரண்ட் இரைச்சல மற்றது நேர் எதிரா எடுத்து வெட்டி விடும். ஜெனரேட்டர் பக்கத்துல, கலர் லைட் சோடனைக்கு நடுவுல நிண்டு வாசிக்கிற எங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி எண்டு வாசிக்கிற ஆக்களுக்குத்தான் தெரியும். பிரிட்ஜ் பக்கம் இரிக்கிறது ஒற்றைச் சுருள், அத மட்டும் தனியா ஏத்தினா எந்தக் கொம்பனி பேஸிலயும் ம்ம்ம்ம் எண்டு இரையும், அது அந்த வகை பிக்கப்ட பிறவிக் குணம். நான் நடு பிக்கப்ப முழுசா வெச்சி மற்றத மூண்டுல ஒரு பங்கு திறப்பன், டோன் பாதிக்குக் கொஞ்சம் மேல. ஆறு வருசமா அதுலதான் நிக்குது, டேப் ஒட்டி அடையாளம் போட்டிரிக்கன்.

சவுண்ட்ஸ்காரர்ட அம்ப்ப நம்பிப் போறதும் இல்ல. சின்னதா ஒரு டி.ஐ. பெட்டி பையில கிடக்கு, அதுல இருந்து நேரா மிக்சர். ஒருக்கா திருக்கோவில் பக்கம் ஒரு கோயில் ஷோவுல ஜெனரேட்டர் இறங்கி ஏறி இறங்கி ஏறி அம்ப் நிண்டு போச்சி, எனக்கு ஒண்டும் நடக்கல்ல, மிக்சர் உயிரோட இரிந்தா பேஸும் உயிரோட இரிக்கும். மிக்சர்ல நிக்கிற தம்பிக்கிட்ட ஷோ தொடங்க முதலே போய் மரியாதையா சொல்லிருவன், தம்பி கீழ் திருகிய நடுவுல விடுங்க, நடுத் திருகிய கொஞ்சம் ஏத்துங்க, பத்து நிமிசம் கேட்டுப் பாருங்க, சரிவரல்ல எண்டா உங்கட விருப்பம். கனபேர் திருப்பி மாத்தல்ல. வெபர் மைதானத்துல ஒரு ராவு இப்பிடி வாசிச்சிட்டு இறங்கக்குள்ள, கடைசி வரிசையில நிண்ட என்ட மச்சான் வந்து "இண்டைக்குத்தான்டா நீ என்ன வாசிக்கிற எண்டு விளங்கிச்சி" எண்டான். முப்பது வருசமா அவன் என்ட ஷோ பாக்குறவன்.

மண்டபம் வேற கதை. இப்ப கட்டுற கல்யாண மண்டபமெல்லாம் நிலம் டைல்ஸ், சுவர் கண்ணாடி, ஏசி. குறிப்பிட்ட ஒரு சுரம் மட்டும் பூதம் மாதிரி எழும்பும். ஏ நரம்பு திறந்தா 55 ஹேர்ட்ஸ், அந்த அலை ஆறு மீற்றருக்குக் கொஞ்சம் மேல நீளம், மண்டபத்துட அகலம் அதோட பொருந்திட்டா சுவருக்குச் சுவர் மோதி அதே இடத்துல நிண்டு முழங்கும். நான் ரெண்டு வேலை செய்வன். அந்தச் சுரத்த திறந்த நரம்புல வாசிக்காம ஈ நரம்புட அஞ்சாவது பிரெட்டுல எடுப்பன், விரலால கட்டுப்படுத்தி வெட்டலாம். மற்றது, பிரிட்ஜுக்குக் கிட்ட நரம்புக்கடியில ஒரு ஸ்பொஞ்ச் துண்டு. சட்டி கழுவுற ஸ்பொஞ்சுல மஞ்சள் பக்கத்த மட்டும் விரல் அகலத்துக்கு வெட்டி செருகினா நாதம் சுருங்கி, தும் எண்டு விழுந்து நிக்கும். எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டு வாசிக்கக்குள்ள இத கட்டாயம் செருகுவன், அந்தக் காலத்துப் பெரிய நிண்டு வாசிக்கிற டபுள் பேஸ்ட தொனிக்கு இதுதான் கிட்ட வரும்.

ஸ்பொஞ்ச் வைக்கிற வித்தைய நான் ஜேம்ஸ் ஜேமர்சன்ட வாசிப்பக் கேட்டுப் படிச்சன். டெட்ரோயிட் மோட்டவுன் கொம்பனிட பாட்டுகள்ல வாசிச்சவர், பிரிசிஷன் பேஸ், மேற்பரப்பு தட்டையான தடிச்ச பிளட்வவுண்ட் நரம்பு, வலக்கையில ஒரே ஒரு விரல், சுட்டு விரல் மட்டும். ஒரு விரலால அவ்வளவு ஓட்டம். நரம்ப மாத்தவே மாட்டாராம், அறுந்தாத்தான். 1983ல செத்தவர், வாசிச்ச காலத்துல கனக்க ரெக்கோட் உறையில பேரே போடல்ல. அத அறிஞ்ச நேரம் எனக்கு கெசெட்டுல பாட்டு பதிஞ்சி தாற எங்கட ரெக்கோடிங் பார் கடையில எழுதித் தாற கெசெட் அட்டைகள் ஞாபகம் வந்திச்சி, பாடினவர் பேர், படத்துட பேர், இசை இளையராஜா, அவ்வளவுதான். அந்தக் கெசெட்ட டெக்ல போட்டுட்டு நான் ஸ்பீக்கர் பெட்டிட மரத்துல காத ஒட்டி வெச்சிட்டு கிடப்பன், சரணத்துக்குள்ள பாட்டு ஒரு பக்கம் ஏறக்குள்ள பேஸ் மற்றப் பக்கம் இறங்கும், பாடுறவர் மூச்சு எடுக்கிற இடத்துல பேஸ் ஒரு வார்த்தை கதைக்கும், அது ரெண்டாவது பாட்டுக்காரன் மாதிரி. யார் இத வாசிக்கிறது எண்டு தெரியாமலே எட்டு பத்து வருசம் அதையே வாசிச்சன். பொறகுதான் சசிதரன் எண்டு பேர் தெரிஞ்சிது. அண்டைக்கு நான் அந்தப் பேர ஒரு கொப்பியில எழுதி வெச்சன், கொப்பி இன்னும் இரிக்கு.

பொப் பாட்ட விட ஏலாது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் இவங்கட பாட்டு இல்லாம எங்கட பக்கம் ஒரு கல்யாண வீடும் முடியாது, சிங்களப் பக்கம் ஜிப்சீஸ் குழு, அதுட பாடகர் சுனில் பெரேரா 2021ல போனதுக்குப் பொறகு வாசிச்ச முதல் ஷோவுல அவங்கட பாட்டு ரெண்டு வாசிச்சம், மேடைக்கு முன்னால தமிழ், முஸ்லிம், சிங்களம் எண்டு எல்லாரும் நிண்டாங்க. இந்தப் பாட்டுகளுக்கெல்லாம் அடியில ஓடுறது பைலா. போர்த்துக்கீசர் காலத்துல இருந்து வந்த தாளம், எங்கட பறங்கி ஆக்கள்ட கப்ரிஞ்ஞாவும் அந்த வழிதான், ஆறுக்கு எட்டு, ஒரு சுத்துக்கு ஆறு எண்ணிக்கை. வாசிக்கத் தெரியாதவன் ஒண்டுலயும் நாலுலயும் மட்டும் குத்திட்டுப் போவான், அது பிழையில்ல, ஆனா ஆள் ஆடாது. அங்கிள் சொல்லித் தந்தது ஆறாவதுல ஒரு சின்னத் தள்ளு, அடுத்த ஒண்டுக்கு ஆள அரை அடி முன்னுக்குத் தள்ளி விடுற மாதிரி. அந்த ஆறாவது சுரம் மற்றதுகள விடக் கட்டையா இருக்கணும், நீண்டா தள்ளு போயிரும். பிபி234ல இது வடிவா வருது, ஏனெண்டா நரம்ப விரல் விட்ட உடன சத்தம் வெட்டுது, வால் இல்ல. ரெகே வாசிக்கிற ஆக்களும் இதத்தான் விரும்புவாங்க. பொப் மார்லிட பேஸ்காரர் அஸ்டன் பரெட் 2024ல செத்த செய்தி வந்த ராவு நான் லைட்ட நிப்பாட்டிட்டு அவர்ட வாசிப்பு ஒரு மணித்தியாலம் கேட்டுட்டு இருந்தன். சுரத்துக்கு நடுவுல விடுற இடைவெளியில அவர விட்டா ஆளில்ல.

இனி பராமரிப்பு, எங்கட ஊருல பேஸ் வெச்சிரிக்கிற ஆக்கள் கட்டாயம் வாசிக்க வேண்டிய பகுதி இது. வாங்கின நாளே 12வது பிரெட்டுல நரம்பு நாலு மில்லிமீற்றர் உயரத்துல நிண்டிச்சி, விரல் நோகும். சரிபண்ணித் தாங்க எண்டு கடையில கேட்டதுக்கு, அது அப்பிடித்தான் வரும், வாசிக்க வாசிக்க சரிவரும் எண்டு அனுப்பிட்டாங்க. வாசிச்சா சரிவராது, திருகினாத்தான் சரிவரும். காசு வாங்கிட்டு ஒரு அலன் கீய எடுத்துத் திருக அஞ்சி நிமிசம் ஒதுக்காத கடையப் பத்தி எனக்கு இண்டைக்கும் மனசுல கிடக்கு. புதுசா வாங்குற பொடியன் அந்த உயரத்துல வாசிச்சி, விரல் வெடிச்சி, பேஸ் எனக்குச் சரிவராது எண்டு மூலையில வெச்சிருவான், அப்பிடி மூண்டு பேர எனக்கே தெரியும்.

வீட்ட கொண்டு வந்து நானே செஞ்சன். நரம்ப முதல் பிரெட்டுலயும் கடைசிப் பிரெட்டுலயும் அமத்திப் பிடிச்சிட்டு, எட்டாவது பிரெட்டுக்கிட்ட நரம்புக்கும் பிரெட்டுக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்ட் உரசிப் போகணும், அதுதான் அளவு. கூட இரிந்தா நெக்குக்குள்ள ஓடுற ட்ரஸ் ரொட்ட வலப்பக்கம் கால் சுத்து, அதுக்கு மேல ஒரே நாளுல திருகப்படா. ஒரு ராவு விட்டு அடுத்த நாள் பாக்கணும், மரத்துக்கு யோசிக்க நேரம் குடுக்கணும். பொறகு பிரிட்ஜுல ஒவ்வொரு நரம்பா இறக்கி ரெண்டரை மில்லிமீற்றருக்குக் கொண்டு வந்தன்.

ஆனா அது அப்பிடியே நிக்காது. ஆனி ஆடியில கச்சான் காத்து அடிக்கக்குள்ள வீட்டுக் கதவு சட்டமே காஞ்சி வெடிக்கிது, பேஸ் நெக் மட்டும் சும்மா இரிக்குமா. கார்த்திகை மார்கழியில மாரி பிடிச்சா சுவரே வேர்க்குது. என்ட பேஸ் மாரிக்கு நெக் முன்னுக்கு வளைஞ்சி நரம்பு உயரும், கச்சானுக்கு நிமிந்து கீழ் பிரெட்டுகள்ல கிர்ர் எண்டு உரசும். வருசத்துல ரெண்டு தரம் கால் சுத்து இந்தப் பக்கம், கால் சுத்து அந்தப் பக்கம், ஆறு வருசமா இதுதான். நெக் முறுகல்ல, அது பெரிய விசயம், இதே வீட்டுல வேற ரெண்டு கிற்றார்ட நெக் முறுகி விறகாப் போயிட்டு.

உப்புக்காத்துக்கு மருந்தில்ல. கடற்கரையில இருந்து அரைக் கிலோமீற்றர்ல இரிக்கிற வீட்டுல எந்த இரும்பும் துரு பிடிக்கும், பிரிட்ஜ் சின்னத் திருகாணிகள் ரெண்டு வருசத்துல சிவந்துட்டு. வாசிச்சி முடிஞ்ச உடன பழைய சாரன் துணியால நரம்பு நாலையும் மேலயும் கீழயும் துடைக்கணும், கையில இரிக்கிற வேர்வைதான் முதல் எதிரி. பேஸ் பைக்குள்ள பலசரக்குக் கடையில வாற சிலிக்கா பொட்டலம் நாலஞ்சி போட்டிரிக்கன்.

நரம்பு விசயம். முதல்ல அதோட வந்த ரவுண்ட்வவுண்ட் நரம்பு மூண்டு மாசத்துல செத்துட்டு, சுருளுக்கு நடுவுல அழுக்கும் உப்பும் ஏறி மணிச் சத்தம் போய் மண் சத்தம் வரும். புது நரம்பு வாங்க வழியில்லாத காலத்துல நாங்க நரம்ப கழட்டி அவிச்சித்தான் வாசிச்சம். மனிசி அதுக்கெண்டே ஒரு பழைய சட்டிய ஒதுக்கித் தந்திரிக்கா, பத்துப் பதினஞ்சி நிமிசம் கொதிக்க விட்டு, துணியால ஒத்தி, வெயிலுல வடிவா காய வெச்சிப் பூட்டினா ஒரு ரெண்டு மூண்டு ஷோவுக்கு உயிர் வரும். தண்ணி மேல ஒரு கறுப்பு ஆடை மிதக்கும், அத பாத்தா விரலுல எவ்வளவு ஊத்தை இரிக்கு எண்டு விளங்கும். 2021ல டோஹாவுல இருந்து வந்த தம்பிக்கிட்ட சொல்லி டடாரியோ குரோம்ஸ் பிளட்வவுண்ட் ஒரு செட் எடுப்பிச்சன், 45ல இருந்து 100. நாலு வருசம் ஆகுது, அதே நரம்புதான், துரு ஒரு பொட்டு இல்ல, ஏனெண்டா மேற்பரப்பு தட்டை, அழுக்கு ஒளியிறதுக்குப் பள்ளம் இல்ல. விலை கூட, ஆனா எங்கட கரையோர ஆக்களுக்கு நான் முழு மனசோட சொல்றன், பிளட்வவுண்ட் போடுங்க. இத அவிக்க மட்டும் போகாதீங்க, தேவையும் இல்ல.

குறை எண்டு பாத்தா, நாலு நரம்பு பேஸ் எதுக்கும் உள்ள எல்லை இதுக்கும் இரிக்கு. இப்ப வாற படப் பாட்டுகள்ல கனக்க கீபோட் பேஸ், ஈக்குக் கீழ டி, சி எண்டு இறங்கும். பாடுறவங்களும் ஒரு கட்டை இறக்குங்க எண்டு கேப்பாங்க. நான் ஈ நரம்ப டிக்கு இறக்கி 36 ஹேர்ட்ஸ் பக்கம் கொண்டு போவன், பிளட்வவுண்ட் இழுவை கூட எண்டதால தொய்யாம நிக்கும், அதுக்குக் கீழ போனா நரம்பு கயிறு மாதிரி ஆகிரும். புதுப் பாட்டே முழுக்க வாசிக்கிற குழுவுல இரிக்கிற பொடியனுகள் அஞ்சி நரம்பு பேஸுக்குத்தான் போகணும், அதுட பி நரம்பு 31 ஹேர்ட்ஸ் வரைக்கும் இறங்கும். பாரம், நான் நிறுத்த அளவுல நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல, அகலமான தோள்பட்டி போட்டா மூண்டு மணித்தியாலம் தாங்கலாம். வீட்டுல ரெக்கோட் பண்ற ஆள், வித விதமான தொனி வேணும் எண்டா ஆக்டிவ் பேஸ்ல கூடத் தெரிவு கிடைக்கும். இப்பத்தான் படிக்கத் தொடங்குற புள்ளைகளுக்கு யமஹாவுலயே டிஆர்பிஎக்ஸ்174 இரிக்கு, அதுவும் பெற்றரி இல்லாதது, இதே மாதிரி ரெண்டு பிக்கப், 24 பிரெட், காசு கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சுற காசுக்கு டி.ஐ. பெட்டி வாங்குங்க.

விலைய நான் இலக்கத்துல சொல்லல்ல, நான் வாங்கக்குள்ள டொலர் 180 ரூவாவுக்குக் கிட்ட, 2022ல அது 360 ரூவா தாண்டினது. இண்டைக்கு ஒரு பொடியன் இத வாங்கணும் எண்டா அவன்ட வாப்பாவோ அப்பாவோ கனக்க யோசிக்கணும். அதால பழசு தேடுங்க எண்டுதான் சொல்லுவன். பழசு பாக்கக்குள்ள ட்ரஸ் ரொட் திரும்புதா எண்டு அலன் கீய போட்டுப் பாருங்க, தலைப்பக்கம் சின்ன மூடிக்குள்ள இரிக்கும், இறுகிப் போயிருந்தா எவ்வளவு மலிவு எண்டாலும் வேணா. நெக்க பின்பக்கம் இருந்து துவக்கு குறி பாக்குற மாதிரி ஒரு கண்ண மூடிப் பாருங்க, முறுகல் இரிந்தா தெரியும். ஒவ்வொரு நரம்பையும் ஒவ்வொரு பிரெட்டுலயும் வாசிச்சிப் பாருங்க, அவசரப்பட வேணா. கொம்புல நாடிய வெச்சிப் பாருங்க, விக்கிற ஆள் சிரிச்சா சிரிக்கட்டும்.

என்ட பேஸுக்கு இப்ப இரிக்கிற வேலை ஒண்டுதான், பிரிட்ஜ் திருகாணி எட்டையும் ஸ்டெய்ன்லெஸ் ஆணியா மாத்தணும். அளவு எடுத்து டவுன்ல ஒரு கடையில சொல்லி வெச்சிரிக்கன், புரட்டாதி முடிய முதல் வந்தா மாரிக்கு முன்னாலயே பூட்டிருவன்.